கேப்டன் நெடியோனின் மூன்று காலங்களும் லோகநாயகியும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, எனக்கு இடப்பட்ட உத்தரவு. ஆரம்பாக்கத்தில் தன் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே லோகநாயகி சொன்னார்: "டிவிக்கு இன்னா இன்னாவோ எழுதினீங்க இல்ல ரைட்டரம்மா, இதையும் எழுதுங்க. நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க."

நடந்ததை நடந்த மாதிரி எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. நான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுபவள். பாலில் விஷம் கலப்பதும், அந்தப் பாலை யார் குடித்தார்கள் என்பதை வெள்ளிக்கிழமை வரை சொல்லாமல் இழுப்பதும் என் தொழில். ஆகவே தொடக்கத்திலேயே தடுமாறினேன்.

முதல் முயற்சி: "கி.பி. 2300. பழவேற்காடு ஏரியின் மீது ஒரு விண்கலம் மெல்ல இறங்கியது. அதனுள்ளே கேப்டன் நெடியோன் தன்"

வேண்டாம். விண்கலத்தை நம்பி வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எங்களிடம் இருந்தது அலுமினியத் தாள் சுற்றிய ஒரு ஃபைபர் படகு.

இரண்டாம் முயற்சி: "லோகநாயகி மணலில் காயும் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் அலைகள்"

இதுவும் வேண்டாம். அலைகள் என்று எழுதினால் அடுத்த சொல்லாக 'சோகமாக' என்று என் கை தானே எழுதிவிடும். லோகநாயகிக்கு அது பிடிக்காது. அவருக்கு வந்தது சோகம் இல்லை, கோபம்.

2

தொடரின் பெயர் 'விண்வலை'. கேப்டன் நெடியோன் என்ற விண்வெளி வீரனின் கலம் பழுதாகி, அவன் காலத்துக்குள் முன்னும் பின்னுமாக விழுந்துகொண்டே இருப்பான். ஒரு வாரம் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய பழைய பழவேற்காட்டில் விழுவான். மறுவாரம் இன்றைய பழவேற்காட்டில். அதற்கடுத்த வாரம் கி.பி. 2300இல். எல்லாக் காலத்திலும் ஏன் பழவேற்காட்டிலேயே விழுகிறான் என்று கேட்கக் கூடாது. (கேட்டால்: இயக்குநர் வின்சென்டின் மாமனார் வீடு அங்கே இருந்தது. படப்பிடிப்புக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் வந்தது.)

லைட்ஹவுஸ் குப்பத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. கேப்டனாக நடிக்க வந்தவர் நல்ல உயரம், நல்ல தாடை. ஆனால் படகில் ஏறி உட்கார்ந்தவுடன், படகு கரையை விட்டுக் கிளம்பும் முன்பே, வாந்தி எடுத்தார். மறுநாளும் எடுத்தார். அதனால் முதுகு தெரியும் காட்சிகளுக்கெல்லாம் படகுக்காரர் நீலமேகத்துக்குக் கேப்டன் சட்டையை மாட்டி நிற்க வைத்தோம். ஒரு வாரம் கழித்து நடிகருக்கு வேறு படம் கிடைத்து, தரையிலேயே எடுக்கப்படும் படம் என்ற மகிழ்ச்சியோடு அவர் போய்விட்டார்.

வின்சென்ட் எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார். பெரும்பாலும் முதுகுதான் இருந்தது. "முதுகு நல்லாத்தான் நடிக்குது. அப்படியே திருப்பி வச்சுடலாம்" என்றார்.

அப்படித்தான் ஐம்பதைத் தாண்டிய மீனவரான நீலமேகம் மூன்று காலங்களிலும் கேப்டன் நெடியோன் ஆனார். முகம் ஏன் மாறியது என்று பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. "காலத்துக்குள் இத்தனை முறை விழுந்தவன் முகம் அப்படியே இருக்குமா?" என்று ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தொலைக்காட்சி பார்ப்பவர்கள் பெருந்தன்மையானவர்கள்.

3

ஒரே ஆளை மூன்று காலத்தில் காட்டுவது எப்படி? பெரிய நாடுகளில் இதற்குக் கணினி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு சவரக்கத்தி இருந்தது. டச்சுக் காலத்தில் நீலமேகத்துக்குத் தாடியும் மீசையும். இன்றைய காலத்தில் மீசை மட்டும். 2300இல் இரண்டும் கிடையாது. எதிர்காலத்தில் மனிதனுக்கு முடி வளராது என்பது வின்சென்டின் விஞ்ஞானம்.

மீசையை எடுத்த அன்று நீலமேகம் கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த மீசை. அதுவரை அவருடைய மேலுதட்டை மனைவி லோகநாயகி பார்த்ததே இல்லை. (இதை அப்போது நான் யோசிக்கவில்லை. பின்னால் என்னை யோசிக்க வைத்தார்கள்.)

கேப்டனின் தலைக்கவசம், மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியில் ஓட்டை போட்டு வெள்ளிச் சாயம் அடித்தது. உள்ளே இறால் வாசனை போகவே இல்லை என்று நீலமேகம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தெரிந்த வாசனை என்ற நிம்மதியோடு சொன்னார். வேற்றுக் கிரகக் காட்சியை ஏரியின் சேற்றுத் திட்டில் எடுத்தபோது, பூநாரைகள் கூட்டமாக நடந்து காட்சிக்குள் வந்துவிட்டன. விரட்டப் போனவர்களை வின்சென்ட் தடுத்தார். அந்தக் கிரகவாசிகள் அவைதான் என்று அங்கேயே முடிவாயிற்று. அவற்றுக்கும் வசனம் எழுதச் சொன்னார். எழுதினேன். என் வாழ்க்கையில் யாரும் திருத்தாத வசனம் அது ஒன்றுதான்.

கேப்டனின் மனைவியாக நடித்தவள் ஜெஸ்ஸி. நடிகைகள் மூன்று பேர் கிடைக்காததால் மூன்று காலத்துக்கும் அவளே மனைவி. டச்சு வணிகரின் மகளாக மஞ்சள் முடி வைத்தாள். இன்றைய விஞ்ஞானியாகக் கண்ணாடி போட்டாள். 2300இன் ரோபோவாக வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டாள். கேமரா நின்றதும் "அங்கிள், கை குடுங்க, காலு சேத்துல மாட்டிகிச்சு" என்பாள். கேமராவுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குள் இருந்தது அவ்வளவுதான்.

4

2300இல் ரோபோ மனைவியின் மின்கலம் தீர்ந்துபோகிற காட்சி. கேப்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: "எந்தக் காலத்தில் விழுந்தாலும் நான் உன்னிடம்தான் வந்து சேருவேன்."

நீலமேகத்துக்கு வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார். வின்சென்ட் அவரைத் தனியே அழைத்துப் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்து நீலமேகம் சொன்னபோது, ஜெஸ்ஸியின் வெள்ளிச் சாயத்தில் நிஜமாகவே கண்ணீர்க் கோடு விழுந்தது. விளக்கு பிடித்தவர் விளக்கைத் தாழ்த்திவிட்டார். எழுதியது நான்தான் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

அந்தப் பகுதி ஒளிபரப்பான சாயங்காலம் குப்பத்தில் கோயில் பக்கத்தில் திரை கட்டி எல்லோருமாகப் பார்த்தார்கள். கேப்டன் அந்த வசனத்தைச் சொன்னதும் விசில் பறந்தது. லோகநாயகி எழுந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் பஸ் பிடித்து, ரயில் மாறி, ஆரம்பாக்கத்திலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

நீலமேகம் எனக்கு ஃபோன் செய்தார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை, சாப்பாடு கூட ஆக்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறது என்றார். "நீங்க எழுதினதுதானே ரைட்டரம்மா, நீங்க போயி சொல்லுங்க" என்று முடித்தார்.

5

லோகநாயகி என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. முதல் வரைவில் அவரை அழ வைத்தேன். அவர் அழவில்லை. அடுத்த வரைவில் ஜெஸ்ஸியைத் திட்ட வைத்தேன். திட்டவும் இல்லை. நல்ல பெண் என்றார், வெயிலில் அந்தச் சாயத்தோடு நிற்கிறதே என்று பரிதாபப்பட்டார். என் தொடர்களில் இப்படிப்பட்ட மனைவிக்கு இடமே கிடையாது.

ஆரம்பாக்கத்துக்குத் தேடிப் போன என்னிடம், இறாலை உரித்துத் தட்டில் போட்டபடியே சொன்னார்: "கையப் புடிச்சாருனு எனுக்குக் கோவம் இல்ல. நடிப்புனு தெரியாதா எனுக்கு. ஒரு காலத்துல ஒருத்தினா வுட்டுடுவேன். மூணு காலத்துலயும் அதே பொண்ணு. அப்போ நான் எந்தக் காலத்துல கீறேன்?"

பதில் தெரியாதபோது நான் வசனம் எழுதுவேன். வாயாலேயே எழுதினேன். அந்தக் காட்சியில் நீலமேகம் ஜெஸ்ஸியைப் பார்த்துப் பேசவில்லை, அவள் தோளுக்கு மேலாகக் கரையில் நின்ற உங்களைப் பார்த்துத்தான் சொன்னார், அதனால்தான் அவ்வளவு உருக்கமாக வந்தது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பிடித்துப்போயிற்று. இந்தக் கதைக்கு இதைவிட நல்ல முடிவு

"அன்னிக்கு நான் கரையிலயே இல்ல" என்றார் லோகநாயகி. "பழவேற்காடு மார்க்கெட்டுல இருந்தேன்."

6

நான் சொல்லியிருந்ததால் நீலமேகமும் அன்றைக்கு வந்து சேர்ந்தார். மீசை இல்லாத முகத்தோடு வாசலில் நின்றார். லோகநாயகி அந்த மேலுதட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி அடுத்த இறாலை எடுத்தார்.

நேரடியாகவே கேட்டுவிட்டேன். வின்சென்ட் அன்று உங்களிடம் என்ன சொன்னார்? தொலைத்துவிட்டுத் திரும்பக் கிடைக்காத ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னார் என்றார் நீலமேகம்.

"இன்னாத்த நெனச்ச?" என்றார் லோகநாயகி.

நீலமேகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எஞ்சின."

இறால் உரித்த கை நின்றது. "எந்த எஞ்சினு? அந்த மஞ்ச எஞ்சினா?"

"ஆமா."

பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு புயலில் அவர்கள் படகிலிருந்த எஞ்சின் கடலோடு போய்விட்டது. மஞ்சள் மூடி போட்ட எஞ்சின். புயல் ஓய்ந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கரையோரமாக நடந்து நடந்து தேடியிருக்கிறார்கள். ஒதுங்கிய கட்டை, வலை, யாருடைய வீட்டுக் கதவோ கூடக் கிடைத்தது, எஞ்சின் கிடைக்கவில்லை. நடந்த வழியெல்லாம் இருவரும் பேசவே இல்லையாம்.

இப்போதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். ஒரு எஞ்சினுக்காக இரண்டு பேர் அப்படி மௌனமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. (விஞ்ஞானப் புனைவு எழுதுகிறவர்கள் கவனிக்க: காலத்தில் பின்னால் போவதற்குக் கலம் தேவைப்படவில்லை.) இந்த அடைப்புக்குறியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கிறது. சரி, இருக்கட்டும்.

லோகநாயகி தட்டைத் தள்ளி வைத்தார். "சரி. அது எஞ்சினுக்கு சொன்னது. எனுக்கு?"

நீலமேகம் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

"டிவியில சொல்லணும்" என்றார் லோகநாயகி. "குப்பமே பாத்துச்சு இல்ல. அதே மாதிரி குப்பமே பாக்கணும்." இறால் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டு, நடந்ததை நடந்த மாதிரி எழுதச் சொல்லி எனக்கு உத்தரவிட்டதும் அப்போதுதான்.

7

வின்சென்டுக்கு மகிழ்ச்சி. நாலாவதாக ஒரு மனைவி கிடைத்தால் தொடர் இன்னும் ஓடும் என்று கணக்குப் போட்டார். லோகநாயகியை 2300இன் மகாராணியாக ஆக்குவதாகச் சொன்னார். வெள்ளிச் சாயத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு லோகநாயகி, "எனுக்கு இப்போ போதும்" என்றார். தன் சொந்தப் புடவையிலேயே, இன்றைய காலத்தில், படகுக்குப் பக்கத்தில் நின்றார்.

சிக்கல் நீலமேகத்தின் மீசையில் வந்தது. அது பாதி வளர்ந்திருந்தது. இன்றைக்கும் பொருந்தவில்லை, 2300க்கும் பொருந்தவில்லை. கேப்டன் இப்போது எந்தக் காலத்தில் இருக்கிறான் என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை. அப்படியே எடுத்தோம்.

"எந்தக் காலத்துல" என்று தொடங்கி இருமினார். "எந்தக் காலத்துல வுழுந்தாலும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். தண்ணீர் கேட்டார். படகின் கயிற்றைச் சரிபார்க்கப் போனார். அலுமினியத் தாள் கிழிந்திருப்பதாக வின்சென்டிடம் புகார் சொன்னார். பின்னாலிருந்து ஜெஸ்ஸி, "அங்கிள், எஞ்சின நெனச்சுக்கோங்க" என்று எடுத்துக்கொடுத்தாள்.

"எஞ்சின நெனைக்கக் கூடாது" என்றார் லோகநாயகி.

மறுபடியும் மறுபடியும் எடுத்தோம். நீலமேகத்துக்கு வியர்த்தது. ஆனால் ஒவ்வொரு முறை அவர் திணறும்போதும் லோகநாயகியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன். நடுவில் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "எஞ்சின நெனச்சா தண்ணியா வருது. என்னப் பாத்தா வர மாட்டேன்னுது பாத்தீங்களா." பெருமை தாங்கவில்லை அவருக்கு.

வின்சென்ட் வெறுத்துப்போய் 'கட்' சொன்னார். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார். ஒரு ஃபைபர் படகு எஞ்சின் இரைய எங்களைக் கடந்து போயிற்று. அப்போதுதான், கேமராவை நிறுத்த யாரும் நினைக்காத அந்தச் சமயத்தில், நீலமேகம் லோகநாயகியின் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார். லோகநாயகி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

8

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். லோகநாயகி வீடு திரும்பிவிட்டார். ஆனால் இப்போது டப்பிங் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே திரையில் நீலமேகம் குனிகிறார், வாயசைகிறது, படகின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. அந்த இடத்துக்கு வசனம் நான்தான் தர வேண்டும்.

நீலமேகத்திடம் கேட்டேன். "அதுவா, சும்மா" என்று ஃபோனை வைத்துவிட்டார். லோகநாயகியிடம் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். குப்பமே பார்க்க வேண்டும் என்று நீங்கள்தானே கேட்டீர்கள் என்று நினைவூட்டினேன்.

"பாக்கணும்னுதான் சொன்னேன் ரைட்டரம்மா. கேக்கணும்னு சொன்னேனா?"

ஆகவே உங்களிடம் விடுகிறேன். உதடு இரண்டு முறை மூடித் திறக்கிறது, முதலில் ஒருமுறை, முடியும்போது ஒருமுறை. நான் எழுதிய அழகான வாக்கியங்கள் எதுவும் அதில் பொருந்தவில்லை. வின்சென்ட் 'மீன் கொழம்பு' என்று சொல்லிப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்துகிறது. மீன் குழம்பாகவே இருக்கலாம். அப்படியானால் லோகநாயகி ஏன் மணலில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் சிரித்தார் என்பதை மட்டும் நீங்கள்