இருபத்திரண்டு அடி

ராஜையா முதலாளி வராந்தா நாற்காலியில். மருமகள் ஆனந்தபாய், நான்கு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில். பொன்னையன் முற்றத்து மண்ணில், கட்டுப் போட்ட வலது கையை முழங்காலில் ஏந்தியபடி. அவன் மனைவி நேசம் உட்காரவில்லை. தென்னையைப் பிடித்து நின்றாள். மனு எழுதுகிற நான் பெஞ்சில், மடியில் பலகையும் தாளுமாக.

கிணற்றில் விழுந்த அந்தப் பிள்ளையை எடுத்த பொன்னையனுக்கு, உயிர் காத்தவர்களுக்கு டெல்லி கொடுக்கும் ஜீவன் ரக்ஷா பதக்கம் கேட்டுக் கலெக்டருக்கு மனு. அதற்காக முதலாளியே என்னை உதியன்குளங்கரையிலிருந்து கூட்டி வந்திருந்தார்.

"ரோட்டில போனான். சத்தம் கேட்டு ஓடி வந்தான். எழுதும் சாரே," என்றார் முதலாளி.

"ரோட்டுக்கும் கிணத்துக்கும் எத்தன அடி?"

"அது என்னத்துக்கு?"

"ஆபீசில கேப்பாவ."

அளக்காமல் நான் எந்த மனுவும் எழுதுவதில்லை. அளவு நூலைப் பிடித்தேன். கிணற்றிலிருந்து ரோடு இருநூற்றுப் பத்து அடி, நடுவில் ரப்பர் மரங்கள். பொன்னையனின் வாசல் இருபத்திரண்டு அடி.

"ரோடா?" என்றாள் நேசம். "எனக்க வீட்டிலேருந்தாக்கும் பாஞ்சாரு. கெழங்கு அடுப்பில கெடந்துது."

"வீடு இல்ல. மாட்டுக்கொட்டில்," என்றார் முதலாளி.

திங்கட்கிழமை நெய்யாற்றின்கரையில் பொன்னையனின் குடிகிடப்பு உரிமை வழக்கு. முதலாளியின் நிலத்தில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் பத்து சென்ட் அவனுக்குக் கிடைக்குமா என்பது அன்று தெரியும். அங்கே யாரும் குடியில்லை, கொட்டில்தான் என்று முதலாளி அந்த வழக்கில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டிலிருந்து ஓடி வந்தான் என்று இந்த மனுவில் அவர் கையொப்பமிட்டால், அந்தப் பேச்சு பொய்யாகும்.

"எலே பொன்னையா, டெல்லிப் பதக்கம் வேணுமா வேண்டாமா? ரோட்டிலேருந்துண்ணு சொல்லு. இப்பமே ஒப்பு போடுவேன்."

பொன்னையன் கைக்கட்டைப் பார்த்தான். "அதத் தொங்கப் போட ஒரு சுவரு வேணுமே முதலாளி."

"அப்பம் சாட்சியும் கெடையாது." முதலாளி எழுந்தார்.

பார்த்தவர் ஒப்பு இல்லாத மனு நிற்காது. நான் பேனாவை மூடினேன்.

"நான் பாத்தேன் மாமா," என்றாள் ஆனந்தபாய். "பொன்னையண்ணாண்ணு அந்த வாசலப் பாத்துதான் கத்தினேன். கொட்டிலப் பாத்து யாராவது பேரு சொல்லிக் கத்துவாளா?"

"மக்கா, உள்ள போ. எனக்க மவன் விஜயதாசு துபாயில இருந்து கேட்டா என்ன சொல்லுவே?"

"அவருக்க கடுதாசி வந்தாச்சு. பொன்னையனுக்க கையப் புடிச்சு நன்றி சொல்லுண்ணு எழுதியிருக்காரு. கை ஒடிஞ்சில்லா கெடக்கு."

பிள்ளையை நேசத்திடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து இருபத்திரண்டு அடி ஓடி வந்து எடுத்தான் என்று மனுவை எழுதி முடித்து நீட்டினேன். அவள் பேனாவைத் தொட்டதும் முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாட்சி இடத்தில் முழுப் பெயரையும் எழுதினாள்.

"இன்னொரு காப்பி எழுதும் சாரே. திங்கட்கிழமைக்கு."

எழுதினேன். அதிலும் கையொப்பமிட்டாள். அந்தத் தாளை நேசம் மடித்து மடியில் செருகிக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. பிள்ளையோடு ஆனந்தபாய் இருபத்திரண்டு அடி நடந்து நேசத்தின் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள்.

நான் பாறசாலைத் தபாலாபீசில் கலெக்டருக்கான உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் இரண்டு முறை அழுத்தி, ரெஜிஸ்டர் ஜன்னலில் நீட்டினேன். கிளார்க் முத்திரை குத்தி, பையில் போட்டார்.