சேகண்டி அடிக்காமல் விட்ட மூன்றாம் பகுதி

மத்தளக்காரர் நெங்கா ரெம்பனுக்கு இறந்த பிறகுதான் தலை நரைக்கத் தொடங்கியது, அதுவும் தொலைக்காட்சியில். எங்கள் பாலித் தீவின் இசையையும் ஆட்டத்தையும் சடங்குகளையும் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த தொடரில் மூன்றாம் பகுதி எங்கள் ஊர். படம் பிடித்தபோது கன்னங்கரேலென்று இருந்த தலை, முதல் மறுஒளிபரப்பில் காதோரம் வெளுத்தது. அடுத்ததில் மீசையும் வெளுத்தது. அந்த வருடம் பன்றி விலை ஏறியிருந்ததால் ஊருக்குப் பேச வேறு விஷயம் இருந்தது.

தப்பு எங்கள் பூசாரி மீதுதான். படக்குழு வந்திறங்கிய வாரத்தில், இரும்புச் சாமான்களுக்குப் படையல் வைக்கும் தும்பெக் லண்டெப் நாள் வந்தது. குத்துவாள், மண்வெட்டி, மோட்டார் சைக்கிள் வரிசையில் கேமராவையும் மரியாதைக்கு வைத்தோம். பார்வை மங்கிய பூசாரி, ஆட்ட முகமூடிகளுக்கு உயிர் ஏற்றும் மந்திரத்தை அதற்கும் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டார். கேட்டதற்கு, "முன்னாடி ஒத்தக் கண்ணு முழிச்சுக்கிட்டு இருந்துச்சுப்பா, முகமூடின்னுதான் நெனச்சேன்" என்றார். அதனால் அந்தக் கேமரா பிடித்ததெல்லாம் உயிரோடு இருந்தது. படத்தில் திரிந்த நாய் ஒருமுறை குட்டிகளோடு வந்தது.

ரெம்பன் காய்ச்சலில் போய், ஊர் முறைப்படி எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தும் முடித்திருந்தோம். ஆனாலும் தொடர் வரும் மாலைகளில் அவர் மனைவி லூ சுமெர்த்தி குளித்து, பூ வைத்து, சபை மண்டபத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்காருவாள். "ஏங்க, தலைத்துணி சரியுது பாருங்க" என்பாள். ரெம்பன் வாசிப்பை விடாமல் ஒரு கையால் துணியைச் சரிசெய்வார். "உசிரோட இருந்தப்ப ஒரு பேச்சு கேட்டதில்ல, இப்ப பாரு" என்று சேகண்டிக்காரர் புகெக் சீண்ட, மண்டபமே சிரிக்கும். அந்த மாலைகளில் மண்டபமெங்கும் வறுத்த கடலை வாசனை.

சிக்கல் பேரப்பிள்ளைகளால் வந்தது. குழந்தை பிறந்தால், வீட்டு முன்னோரில் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று குறி கேட்பது எங்கள் வழக்கம். சுமெர்த்தியின் மகனுக்கு முதலில் பிறந்தது சேவல்சண்டைப் பைத்தியமான பெரியப்பா, அடுத்தது ஒரு அத்தை. மருமகள் மூன்றாவதாக உண்டாகியிருந்தபோது, இந்தத் தடவையாவது அவர் வருவாரா என்று சுமெர்த்தி நேராகக் கேட்டாள். குறிகாரியின் வாயில் ரெம்பன் குரல் வந்தது. "எப்படி வர்றது? இன்னும் வாசிச்சிட்டு இருக்கேன். பாட்டு முடிஞ்சாத்தானே எந்திரிக்க முடியும்? சேகண்டியே அடிக்கலயே!"

உண்மைதான். பெரிய சேகண்டி விழாமல் எங்களிடம் எந்தப் பாட்டும் முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் கடைசி அடிக்கு முன்பே வெட்டி, வயலைக் காட்டிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். பாட்டை முடித்துவைத்தால் அவர் கிளம்பிவிடுவார், பெட்டியில் இருக்கமாட்டார். சுமெர்த்திக்கு மனசு வரவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றாள். அந்தத் தடவை ரெம்பனின் கை நடுங்கியது. அவள் எழுந்து நின்று அழுதாள். "புகெக்கண்ணே, அடிச்சிருங்க. அந்த மனுஷன இன்னும் எத்தன காலம் வாசிக்க வைக்கறது?"

அடுத்த ஒளிபரப்புக்கு வாத்தியங்களையெல்லாம் பெட்டிக்கு முன் இறக்கினோம். ரெம்பன் வாசிக்க, நாங்களும் சேர்ந்துகொண்டோம். வெட்டு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. அவர் தலை நிமிர்ந்து முடிப்பதற்கான அடியைக் கொடுத்தார். புகெக் சேகண்டியை அடித்தார். ஓசை அடங்கியது. ரெம்பன் மத்தளத்தை இறக்கிவைத்தார், சுமெர்த்தியைப் பார்த்தார், அவள் சொல்லாமலே தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். பிறகு வயல் வந்தது.

மழைக்காலத்தில் பேரன் பிறந்தான். குறி கேட்க யாரும் போகவில்லை. தொடரை இன்னும் போடுகிறார்கள். படத்தில் அவர் உட்கார்ந்த பாயில் மத்தளம் மட்டும் இருக்கிறது, வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. முதல்முறை அதைப் பார்த்தபோது சுமெர்த்தி பழக்கதோஷத்தில், "ஏங்க, தலைத்துணி சரியுது" என்றுவிட்டாள். மடியில் இருந்த குழந்தை கையைத் தூக்கித் தன் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டது.