பெருவிரல் கட்டு

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை ஒரு சாண் தூக்கி, சபரிநாதன் கையை உள்ளே விட்டான். அப்பாவின் நெற்றியில் திருநீறு கலைந்திருக்கிறது என்று ஒரு சாக்கு. நெற்றியைத் தொட்ட விரல்கள் மெல்லக் கீழே இறங்கின. மார்பின் மேல் இரண்டு கைப் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். முடிச்சை நெம்பி, வலது விரலை விடுவித்து, உள்ளங்கையில் மறைத்திருந்த அப்பாவின் போன் மேல் அழுத்தினான்.

பொருந்தவில்லை என்றது போன். விரலைத் துண்டில் துடைத்து மறுபடி அழுத்தினான். அதற்கும் திறக்கவில்லை.

"உள்ள கைய உட்டு என்ன சாமி பண்ற? மூடியத் தொறந்தா குளுரு போயிருமல்ல," என்றாள் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆத்தாயி, அப்பாவின் அக்கா.

"துண்ணூறு கலஞ்சிருந்துதுங்கத்தை."

மூடியை இறக்கினான். போன் வேட்டி மடிப்புக்குள் போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சபரிக்கு உடம்பு முழுக்கவே குறுகுறுத்தது. செத்துப்போன தகப்பன் கையைத் திருட்டுத்தனமாகப் பிடித்தவன் இந்தச் சீமையில் வேறு எவனாவது இருப்பானா?

அப்பா மணியன், போர்வெல் போடும் ரிக்கு வண்டிகளுக்கு ஏஜெண்டு. திருச்செங்கோட்டைச் சுற்றித் தோட்டம் தோட்டமாக அலைந்த மனிதருக்குப் போன்தான் ஆபீஸ், பெட்டி, பீரோ எல்லாம். போன மாதம் நெஞ்சுவலி வந்து தேறியதிலிருந்து ஒரே கவலை, தான் போய்விட்டால் இதை யார் திறப்பது என்று. பெங்களூரில் இருந்த மகனைத்தான் முதலில் கூப்பிட்டார். மீட்டிங் நேரமாகப் பார்த்து, விடாமல் கூப்பிட்டார். எரிச்சலில் சபரி வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பினான்.

"சும்மா சும்மா கூப்புடாதீங்கப்பா. போனு, பாஸ்வேர்டு, அந்தக் கருமமெல்லாம் நீங்க செத்தப்பறம் பாத்துக்கலாம். இப்ப மனுசன வேல செய்ய உடுங்க."

அதற்குப் பிறகு அப்பா கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

அப்பா போனில் இருக்கும் அந்த வாய்ஸை அவன் பக்கமிருந்து இனி அழிக்க வழியில்லை, நாள் கடந்துவிட்டது. அப்பாவின் போனை யாராவது திறந்து, கை தவறித் தொட்டால் போதும், பந்தலில் இருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். தங்கை சத்யபிரியா சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அதற்குள் அழித்தாக வேண்டும். அப்பா போய்விட்டார் என்ற துக்கத்தைவிட இந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அதை நினைக்க இன்னும் அசிங்கமாக இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. சத்யா பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அண்ணா, அப்பா போனு எங்க?"

"எதுக்கு பாப்பா?"

"பேனர்ல எந்தப் படம் போடோணும்னு அவரே சொல்லி வெச்சிருக்காரு. லாக்கு நம்பரும் எங்கிட்டச் சொல்லிட்டாரு."

மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நாலே எண்தான், தட்டியதும் திறந்துகொண்டது. படத்தை ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, அவனை ஓரமாகக் கூட்டிப்போய்ப் போனை அவன் கையிலேயே கொடுத்தாள்.

"ரண்டு வாரத்துக்கு முந்தி என்னையக் கூப்புட்டு, 'அண்ணன் அனுப்புனதுல ஒண்ண மட்டும் அழிக்கறது எப்படி சாமி'ன்னு கேட்டாரு. சொல்லிக் குடுத்தேன். என்னதுங்கப்பான்னு கேட்டா, 'நான் போனப்பறம் இத நாலு பேரு தொறப்பீங்கல்ல'ன்னாரு. அதோட போன வெச்சுட்டாரு. என்னண்ணா அது?"

"தெரியல," என்றான் சபரி.

வாட்ஸப்பில் தன் பெயரைத் தேடித் திறந்தான். 'சனிக்கிழமை வாரனுங்கப்பா' என்று அவன் எழுதியது இருந்தது. அந்தச் சனிக்கிழமை அவன் வரவில்லை. அதன் கீழே ஒன்றும் இல்லை. தன் போனை எடுத்துப் பார்த்தான். அதில் வாய்ஸ் அப்படியே இருந்தது. கேட்டாகிவிட்டது என்று காட்டும் மைக், நீலமாக இருந்தது. அழிக்கலாம்தான். விரல் போகவில்லை.

"சபரி, பெருவெரலுக் கட்டு அவுந்து கெடக்குது பாரு," என்று பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அத்தை கூப்பிட்டாள். "வந்து கட்டி உடு சாமி."

சத்யா மூடியைத் தூக்கிப் பிடித்தாள். சபரி அப்பாவின் இரண்டு விரல்களையும் சேர்த்துத் துணியைச் சுற்றினான். முடிச்சு விழவில்லை. மறுபடி சுற்றினான். நழுவியது.

"கையி மரத்துப் போச்சு பாரு அவனுக்கு," என்றாள் அத்தை. "பொட்டி அத்தன குளுரு."