முன்பு – பின்பு

விக் கட்டும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வேலை எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவுக்கு அது வெளியே தெரியாமல் போகும். நல்ல சட்டையைப் பார்த்தால் நாலு பேர் எங்கே தைத்தது என்று கேட்பார்கள். நல்ல விக்கைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் விக் சரியில்லை என்று அர்த்தம். வாங்கியவர்களும் ஊரைக் கூட்டிச் சொல்லப்போவதில்லை. இதனால்தான் கடைத்தெருவின் மாடியில், கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்னக் கடை வருஷக்கணக்காக வளரவும் இல்லை, சாகவும் இல்லை.

கடைக்கு உரியவளை எல்லோரும் விக்கம்மா என்பார்கள். மெல்லிய வலையைத் துணிப் பொம்மைத் தலையில் மாட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுவாள். ஒரு விக் முடிய வாரக்கணக்கில் ஆகும். தன் வேலையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் அதைக் காட்டத்தான் ஆள் இல்லை.

அவள் கணவர் சோபா, கட்டில் விற்கும் ஒரு பெரிய கடையில் விற்பனையாளராக இருந்தவர். அந்தக் கடை மூடியதும் வீட்டில் உட்கார்ந்தார். பேசிப் பேசியே கட்டில் விற்ற மனிதர், பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. கடைக்கு வாங்களேன் என்று அவள்தான் கூப்பிட்டாள். வந்த அன்றே, "வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். இணையத்துல நமக்கு ஒரு பக்கம் ஆரம்பிக்கணும்" என்று போனைக் கையில் எடுத்தார். அன்றிலிருந்து அவள் அவரை மானேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். கேலிதான். அவருக்கோ அது பதவி உயர்வு.

மானேஜர் சும்மா இருக்கவில்லை. விக் விளம்பரத்தைக் காலை, மதியம், மாலை என்று மருந்து மாதிரி மூன்று வேளையும் போட்டார். உறவுக்காரர் குழு, பள்ளித் தோழர் குழு, குடியிருப்பில் தண்ணீர் வராததைப் பேசுகிற குழு என்று ஒன்றையும் விடவில்லை. "உன் வீட்டுக்காரர் எனக்கு வழுக்கைன்னு ஜாடையா சொல்றாரா?" என்று விக்கம்மாவின் அக்காவே போன் செய்து கேட்டாள். பிறகு எங்கிருந்தோ ஓர் அழகியின் படத்தை எடுத்துப் போட்டார். அதைக் காட்டி அப்படியே வேண்டும் என்று ஒரு பெண்மணி மாடியேறி வந்துவிட்டாள். அது விக்கே இல்லை, அந்தப் பெண்ணின் சொந்த முடி என்று விளக்கி அனுப்புவதற்குள் விக்கம்மாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அடுத்ததாக யாரோ சொன்னார்கள் என்று ஃபாலோயர்களை விலைக்கு வாங்கினார். ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். கல்யாண மண்டபத்துக் கூட்டம்போலக் கூட்டம்தான், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. படிக்க முடியாத பெயர்கள், முகமில்லாத முகங்கள். அந்த ஊமைக் கூட்டத்துக்கு நடுவே உயிருள்ள ஒருவன் வந்து, "குதிரை முடியா?" என்று கேட்டான். மானேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கப்பா முடி" என்று எழுதிவிட்டார். அந்தப் பதிலைப் படம் பிடித்து ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். விக்கம்மா அவரை உட்காரவைத்து மன்னிப்பு எழுதவைத்தாள். எழுதிவிட்டு அவர் போனைக் கவிழ்த்துவைத்த விதத்தைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. சோபாக் கடை மூடிய அன்றும் அப்படித்தான் தன் பெயர் அட்டையைக் கவிழ்த்துவைத்தார்.

அதனால்தான் அடுத்த தவறு அவளுடையதானது.

நம்முடைய வேலையைக் காட்டினால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று மானேஜர் சொன்னார். அது நியாயமாகவே பட்டது. அவள் போனில் படங்கள் இருந்தன. நெற்றி ஓரம் எப்படி வளைகிறது, காதோரம் எங்கே முடிகிறது என்று அடுத்த முறை கட்டும்போது பார்ப்பதற்காக எடுத்தவை. அதில் ஒரு பல் டாக்டரின் படங்கள் இருந்தன. சின்ன வயசுப் பெண். திட்டுத் திட்டாக முடி கொட்டி, கடைசியில் புருவம்கூட மிஞ்சவில்லை. அவளுக்குக் கட்டிய விக்தான் விக்கம்மா தன் ஆயுளில் கட்டியதிலேயே நல்லது. முதல் படத்தில் மொட்டைத் தலை, அடுத்ததில் தோள்வரை கூந்தல், நெற்றியில் தானாக விழுந்த மாதிரி ஓர் இழை.

"கேட்டுட்டுப் போடலாமா?" என்றாள் விக்கம்மா.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாங்க" என்றார் அவர்.

அவள் சிறிது நேரம் அந்த இழையையே பார்த்தாள். அந்த ஓர் இழைக்காக அரை நாள் செலவழித்திருந்தாள். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள். அவர் ஒரு படத்துக்கு மேலே 'முன்பு' என்றும் இன்னொன்றுக்கு மேலே 'பின்பு' என்றும் எழுதினார்.

இந்த முறை வந்தவர்கள் உண்மையான மனிதர்கள். இது விக் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டோம் என்றார்கள். கைக்குக் கோவில் கட்டலாம் என்றாள் ஒருத்தி. போன் மணி ஓயவில்லை. மானேஜர் ஒவ்வொரு பாராட்டையும் சத்தமாகப் படித்துக் காட்டினார். அவள் தலை நிமிராமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள். அந்த வாரம் முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை என்றே சொல்லலாம்.

ஒரு நாள் முற்பகலில் வயதான ஓர் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையில் பயணப் பை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்க வேண்டும். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

"இது நீங்க கட்டினதா?"

ஆமாம் என்றாள் விக்கம்மா, பெருமையோடுதான்.

"இது என் பொண்ணு."

விக்கம்மா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். இருந்தாலும் சமாளிக்கப் பார்த்தாள். "படத்துல இருக்கிறது யாருன்னு நாங்க சொல்லக்கூடாதும்மா."

"நீங்க சொல்ல வேண்டாம். கண்ணை மறைச்சா பெத்தவளுக்குக் காது தெரியாதா? இந்தக் காதுக்கு நான்தான் தோடு போட்டேன்."

அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். மகள் ஊருக்கு வந்திருந்தபோது எந்நேரமும் புருவம் மறையத் தலையில் துணி சுற்றிக்கொண்டிருந்தாளாம். சளி பிடித்திருக்கிறது என்றாளாம். தலை வாரிவிடுகிறேன் என்று அம்மா கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தாளாம். பெரிய டாக்டராகிவிட்டாள், இனி அம்மா கை எதற்கு என்று இவள் குத்திக்காட்ட, மகள் மறுநாளே கிளம்பிப் போயிருக்கிறாள். அதோடு பேச்சு நின்றுபோனது. பக்கத்து வீட்டுப் பெண் போனில் விக் தேடும்போது இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள், யார் என்று தெரியாமல்.

"இது வலிக்குமா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

வலிக்காது, வெயில் காலத்தில் கொஞ்சம் வேர்க்கும் என்றாள் விக்கம்மா. அந்த அம்மா தலையாட்டினாள். எழுந்திருக்கும்போது, தான் வந்ததை மகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். தானாகச் சொல்லும்வரை தெரியாத மாதிரியே இருந்துவிடுகிறேன் என்றாள்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அமுங்கிப் போகும். படத்தை எடுத்துவிடலாம். யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தை விக்கம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. அவங்களைக் கேக்காம ஒண்ணு பண்ணித்தான் இவ்வளவும் ஆச்சு. இன்னொண்ணையும் அவங்களுக்குத் தெரியாம பண்ண மாட்டேன். நானே சொல்லிடறேன்."

அந்த அம்மா கோபப்படவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மானேஜர் முகம் வெளிறி நின்றார். அவள் சொல்வதற்கு முன்னாலேயே படத்தை நீக்கினார். அவள் உள்ளறைக்குப் போய் பல் டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். ஒன்றையும் மறைக்காமல், பழியைக் கணவர்மேலும் போடாமல், தான் போடச் சொன்னதாகவே சொன்னாள். அம்மா வந்துபோனதையும் சொன்னாள். மறுமுனையிலிருந்து ஒரே கேள்விதான் வந்தது.

"ஏன் என்னைக் கேக்கல?"

"வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு, டாக்டர்."

"அப்ப என் பதில் உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

போன் வைக்கப்பட்டது. விக்கம்மா அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். திட்டாததுதான் தாங்கவில்லை.

நீக்கிய படம் நீங்கவில்லை. யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஓர் அழகு நிலையம் அதன் கீழே தன்னுடைய எண்ணையே எழுதிவைத்திருந்தது. மானேஜர் ஒவ்வொரு பக்கமாகத் தேடிப் போய்க் கெஞ்சினார். "உங்கப்பா முடி" என்று எழுதிய அதே கை, "தயவுசெய்து நீக்கிவிடுங்கள், தவறு எங்களுடையது" என்று சளைக்காமல் எழுதியது. பலர் நீக்கினார்கள். சிலர் சிரித்தார்கள். அந்த அழகு நிலையம் மட்டும் பதிலே சொல்லவில்லை. வாங்கிய ஊமைக் கூட்டத்தோடு சேர்த்துப் பழைய பக்கத்தை அவர் மூடினார். அவளோ போனிலிருந்த படங்களை எல்லாம் அழித்துவிட்டு, நெற்றி வளைவுகளைக் காகிதத்தில் வரைந்துவைக்கப் பழகினாள். அந்தப் படத்தைக் காட்டி இதே போல வேண்டும் என்று வந்தவர்களிடம், அதை முதலில் உங்கள் போனிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாள். சிலர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள்.

பிறகு மானேஜர் அவளைக் கேட்டுக்கேட்டே புதிதாக ஒரு பக்கம் ஆரம்பித்தார். அதில் போடும் வீடியோக்களில் அவள் கைகள் மட்டும் தெரியும். விக்கை எப்படி அலசுவது, எந்தச் சீப்பால் வாருவது, கழற்றி எங்கே வைப்பது என்று அவர் கேட்பார், கைகள் செய்து காட்டும். கட்டில் விற்ற அந்தக் குரலுக்கு அது பொருந்தித்தான் வந்தது. பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் கேள்வி கேட்டார்கள். அவர் விளம்பரம் எழுதுவதை விட்டுவிட்டுப் பதில் எழுதினார்.

மழைக்காலம் முடிந்து ஒரு மதியம் பல் டாக்டர் வந்தாள். பின்னால் அவள் அம்மா. மானேஜர் சட்டென்று எழுந்தவர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"ஓரம் தூக்கிக்குது" என்றாள் பல் டாக்டர். "வேற எடத்துல காமிச்சேன். அவங்களுக்கு வரல. அதனாலதான் வந்தேன். மத்தது எதையும் நான் மறக்கல."

"மறக்க வேண்டாம்" என்றாள் விக்கம்மா. உள்ளறையைத் திறந்துவிட்டாள்.

அழகு நிலையத்துக்குத் தானே நேரில் போய் அந்தப் படத்தை நீக்கவைத்ததாகப் பல் டாக்டர் கண்ணாடி முன் உட்கார்ந்தபடி சொன்னாள். தன் ஆஸ்பத்திரியில் இருவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். ஒருத்தி பரிதாபப்படுகிறாளாம், அதுதான் எரிச்சலாக இருக்கிறதாம். சொல்லிக்கொண்டே விக்கின் ஓரத்தில் கை வைத்தவள், அப்படியே நிறுத்தினாள். அம்மா வாசலுக்கு வெளியே, உள்ளே பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"அம்மா, உள்ள வா."

அம்மா வந்தாள். மகள் விக்கைக் கழற்றி விக்கம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையை அந்தத் தலைமேல் வைத்தாள்.

"பொறந்தப்ப இப்படித்தான் இருந்தே" என்றாள். "அப்பவும் தொட்டா அழுவே."

மகள் சிரித்த மாதிரிதான் இருந்தது. விக்கம்மா முழுவதும் கேட்கக் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஓரத்தைப் பிரித்தாள். மானேஜர் என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டார். அவள் ஊசியில் நூல் கோத்தாள். வழக்கமாகச் சீக்கிரம் முடிகிற வேலை அது. அன்றைக்கு அவள் அவசரப்படவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் ஓய்ந்து கதவு திறக்கும்வரை தைத்தாள்.

பல் டாக்டர் விக்கை மாட்டிப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. படியில் இறங்கும்போது அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே, "மறுபடியும் தூக்கினா வரேன்" என்றாள்.

"வாங்க" என்றாள் விக்கம்மா.