மூன்று ரமலான் வாடகை

கம்பத்தில் ஹாஜியார் காம்பவுண்டு என்றால் ஐந்து வீடுகள், இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டி தரைக்குள் இருந்தது. நாலடி தள்ளி செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே இருந்த மண் எப்போது ஊறி வழிவிட்டது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் நாற ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

கடைசி வீட்டில் குடியிருந்த அம்சத் பீவி, வீட்டுக்காரர் சேக் பரீத் ஹாஜியாரிடம் இரண்டு வருடமாகப் பதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவரும் பதமாகவே, பார்ப்போம் பார்ப்போம் என்றார். 2005 ஜூலையில் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண் மஞ்சளாகி, ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டாள்.

மகள் ஷர்மின் அப்போதுதான் பி.காம். முடித்து ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். அவர்கள் வம்சத்திலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள். வாய் கொஞ்சம் நீளம். நகராட்சிக்கு ஒரு மனுவை அவளே அடித்து, மற்ற நாலு வீட்டிலும் கையெழுத்துக் கேட்டாள். ஒருத்திக்குப் புருஷன் ஊரில் இல்லை. ஒருத்திக்குக் கை வலி. ஒருத்தி, தங்கள் வீட்டுத் தண்ணீர் நாறவே இல்லை என்றாள். நாலாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. ஷர்மின் தன் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

ஆய்வாளர் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார். ஹாஜியாருக்கு நோட்டீஸ் போனது. பத்தாம் நாள் ஹாஜியாரின் மகன் ராஜா முகம்மது வாசலில் வந்து நின்றான்.

"தண்ணி சரியில்லைன்னா நல்ல தண்ணி இருக்குற வீடாப் பாத்துப் போங்க. மாசக் கடைசிக்குள்ள சாவி வேணும்."

"எந்தச் சட்டத்துல?" என்றாள் ஷர்மின்.

"ஓ, சட்டம் படிச்சிருக்கியாக்கும்?"

"பி.காம். படிச்சதுக்கே தண்ணியில பீ கலந்தா தெரியுது."

அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மறுமாதம் வாடகையைக் கொண்டுபோனபோது ஹாஜியார் வாங்கவில்லை. ஷர்மின் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறி, கிருபாவதி என்ற வக்கீலைப் பார்த்தாள். கிருபாவதி நிறையப் பேசவில்லை. புகார் கொடுத்தது காலி பண்ணச் சொல்ல ஒரு காரணமே இல்லை, கோர்ட்டு உத்தரவு இல்லாமல் உங்கள் பாத்திரத்தை யாரும் வெளியே வைக்க முடியாது, கையில் வாங்காவிட்டால் வாடகையை மணியார்டரில் அனுப்பு, ரசீதைப் பத்திரமாக வை என்றாள். ஷர்மின் அப்படியே செய்தாள். மணியார்டர் ஒவ்வொன்றும் திரும்பி வந்தது.

பிறகு கோர்ட்டிலிருந்து மனு வந்தது. அதில் தொட்டியைப் பற்றியோ புகாரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. 2002, 2003, 2004 மூன்று வருடங்களிலும் வருடத்துக்கு ஒரு மாதம் குடியிருப்பவர் வேண்டுமென்றே வாடகை தரவில்லை, ஆகவே வெளியேற்ற வேண்டும் என்றிருந்தது.

ஷர்மின் வாசித்துவிட்டுச் சிரித்தாள். "பொய்யிலயும் ஒரு ஒழுங்கு பாரும்மா. வருசத்துக்கு ஒண்ணு."

அம்மா சிரிக்கவில்லை. "பொய்யில்லத்தா. குடுக்கலதான். மூணும் நோன்பு மாசம்."

பிறகு மெல்லச் சொன்னாள். வசதியுள்ளவர்கள் தங்கள் சொத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த ஜக்காத்தை ஹாஜியார் நோன்பு மாதத்தில் பிரிப்பார். அந்த மூன்று வருடமும் வாடகை கொண்டுபோனவளிடம், இதை நீயே வைத்துக்கொள், என் ஜக்காத்தாக இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யார் ரசீது கேட்பார்கள்? ஜக்காத்தை எழுதி வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டா?

ஷர்மினுக்கு முகம் சுட்டது. "நீ ஏன் வாங்குன? நாம என்ன பிச்சையா எடுத்தோம்?"

"எந்த மூணு வருசம்னு பாரு" என்றாள் அம்மா.

ஷர்மின் பார்த்தாள். அவள் கல்லூரியில் படித்த மூன்று வருடம். பரீட்சைப் பணம், பஸ் பாஸ், ஒரு ஜோடிச் செருப்பு.

கிருபாவதிக்கு இதைக் கேட்டதும் கண் விரிந்தது. "அதைக் கோர்ட்டுல சொல்லுங்கம்மா. ஜக்காத்துன்னு குடுத்துட்டா அப்புறம் அது பாக்கி இல்லையே. கேஸே நிக்காது."

அம்சத் பீவி தலையை ஆட்டினாள். ஊரார் முன்னால் அதைச் சொல்வதைவிட வீட்டையே காலி பண்ணிவிடலாம் என்றாள். வயசுப் பிள்ளையை வைத்திருக்கிறாள். ஜக்காத்து வாங்கிய வீட்டில் யார் பெண் கேட்டு வருவார்கள்? அப்புறம், ஹாஜியார் நோன்பாளி, அவரே சொல்லிவிடுவார், கேட்டுப் பாருங்கள் என்றாள். பஸ்ஸில் திரும்பும்போதும், அவுக அப்படிப்பட்ட ஆளில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். ஷர்மின் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

வழக்கு ஒரு வருடம் இழுத்தது. சாட்சி நாள் விழுந்ததும் ரமலானில். 2006 அக்டோபர். ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு கூண்டில் ஏறி, உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தார். உதடு காய்ந்திருந்தது. அவரும் நோன்பு, அம்மாவும் நோன்பு, ஷர்மினும் நோன்பு.

கிருபாவதி நேராகவே கேட்டாள். அந்த மூன்று மாத வாடகையை நீங்களே ஜக்காத்தாக விட்டுக்கொடுத்தீர்களா?

ஹாஜியார் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"பல பேருக்குக் குடுக்குறேன்" என்றார். "இவுகளுக்குக் குடுத்ததா ஞாபகம் இல்லை."

ஷர்மின் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. தெருவில் கால் தடுக்கி விழுந்த பெரியவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் முறை வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். பின்பெஞ்சில் காம்பவுண்டுக்காரிகள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் பார்த்தாள். கிருபாவதி கேள்வியை முடிக்கும் முன்பே பேசினாள்.

"அவுக மறந்துட்டாக. குடுக்குறவுகளுக்கு மறக்கும். வாங்குனவளுக்கு மறக்காது." நீதிபதி பக்கம் திரும்பினாள். "நான் ஜக்காத்து வாங்குனேன்யா. மூணு வருசம். அவுக வீட்டு மாடிப்படிக்குக் கீழ நின்னு வாங்குனேன். பிள்ளை படிப்புக்கு ஆகட்டும்னு சொல்லித்தான் குடுத்தாக. என் பிள்ளை அதுலதான் படிச்சா. இப்ப அது வாடகை பாக்கின்னா, அல்லாவுக்குக் குடுத்ததை அவுக திருப்பிக் கேக்குறாக. அதை நான் குடுக்க முடியாது. அவுகளும் கேக்கக் கூடாது."

நீதிபதி பேனாவை நிறுத்தி, ஹாஜியாரை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, மடியில் வைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பின்பெஞ்சில் ஒருத்தி இன்னொருத்தி காதில் என்னமோ சொன்னாள்.

வெளியே வந்ததும் கிருபாவதி, தீர்ப்பு அடுத்த மாதம், இந்த மனு நிற்காது, ஆனால் சும்மா இருக்க மாட்டார்கள், வேறு காரணம் தேடி வருவார்கள் என்றாள். நாமும் சும்மா இருக்க வேண்டாம், தொட்டியைச் சரிபண்ண உத்தரவு கேட்டு நாமே ஒரு மனு போடுவோம் என்றாள். ஷர்மின், நானே டைப் அடித்துக்கொண்டு வருகிறேன் என்றாள்.

கம்பம் பஸ்ஸில் கூட்டம். காம்பவுண்டுக்காரிகள் இருவரும் முன்சீட்டில் இருந்தார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா முழங்காலில் கையை வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஷர்மின் நினைத்தாள். எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

வழியில் ஏதோ பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நோன்பு திறக்க அவர்கள் கையில் இருந்தது ஒரு பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான். அதே தொட்டித் தண்ணீர். காலையில் மூன்று தடவை கொதிக்க வைத்து வடிகட்டியது. அம்மா பழத்தைப் பிட்டுப் பாதியை மகளுக்குக் கொடுத்தாள். பாட்டிலைத் திறந்து ஒரு நொடி மோந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. குடி" என்றாள்.

ஷர்மின் வாங்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.