கூடாத தண்ணி

வெள்ளிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று புத்தளத்திலிருந்து அண்ணன் ஜிப்ரி நானா தொலைபேசியில் சொன்னபோது நளீபாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். உம்மா சும்மா வரவில்லை. கூடவே தரகர் மக்பூலும் வருகிறார், பத்திரமும் வருகிறது. நளீபா குடியிருக்கும் சோனகதெருக் காணி உம்மாவின் பெயரில் இருக்கிறது. அதில் தங்குவிடுதி கட்ட ஒருவன் ஆசைப்படுகிறான். உம்மா கையெழுத்துப் போட்டால் நளீபா மூட்டை கட்டிக்கொண்டு புத்தளத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

"கிணத்தைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து வெப்பாங்களாம்," என்றான் நானா. புத்தளத்துப் பேச்சு அவன் நாக்கில் ஏறி வெகுகாலம். "உம்மாக்கு அந்தத் தண்ணி மேலதான் ஆசை, அது நல்லா ஈந்தா விக்க மாட்டாங்க. நீ அதே தண்ணிதான் ஈக்கிது எண்டு சொன்னியே, உண்மையா?"

"ஓம், அதே தண்ணிதான்," என்று நளீபா துணிந்து சொல்லிவிட்டு, செடிகளைத் திரும்பிப் பார்த்தாள். கறிமிளகாய்ச் செடிகளின் பழைய இலைகள் வரிசை வரிசையாக இன்னும் மஞ்சளித்துக் கிடந்தன.

அந்தத் தண்ணீரின் பெருமை சாமானியப்பட்டதல்ல. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் சோனக முஸ்லிம்களையெல்லாம் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது நளீபாவுக்கு ஐந்து வயது, நானாவுக்கு ஏழு. பிறகு புத்தளத்து அகதி முகாமில், குழாயடி வரிசையில் வாளியோடு நின்றபடி, றஹ்மத்தும்மா என்கிற அவர்களுடைய உம்மா சொல்லாத நாள் கிடையாது: எங்கடை கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி ஊத்தினால் சீனி தேவையில்லை. கேட்டவர்கள் அது ஊற்றா, இல்லை பாகு காய்ச்சும் சட்டியா என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். நளீபா சந்தேகப்படவில்லை. கணவன் இறந்தபின், வேண்டாம் வேண்டாம் என்று எல்லோரும் தடுக்கத் தடுக்க, அந்தக் கிணற்றை நம்பித்தான் தனியாகத் திரும்பி வந்தாள்.

வந்து பார்த்தால் வீட்டுக்குச் சுவர்கள் மட்டும் மிச்சம். ஓடும் இல்லை, மரமும் இல்லை. சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் வெடிக்காமல் பளபளவென்று கிடந்தது. சமைக்கிற குசினிக்குத் தகரக் கூரை போட்டு அதற்குள் படுத்துக்கொண்டாள். வளவு முழுக்கக் கல்லும் இடிபாடும், மண்வெட்டி இறங்காது. அப்படியானால் மண் இல்லாமலே பயிர் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். விறாந்தையிலும் ஹோலிலும் தும்புச்சோற்றுப் பைகளை அடுக்கினாள். தேங்காய் மட்டையில் தும்பு உரித்தபின் மிஞ்சுகிற தூளுக்குத்தான் அந்தப் பெயர். புத்தளத்தில் அது மலை மலையாகக் கிடக்கும். கூரை இருந்த இடத்தில் பச்சை நிழல்வலை கட்டினாள். சோனக மனுசி கடை வைக்கிறதை விட்டுவிட்டு ஹோலுக்குள்ளே தோட்டம் செய்யுதாம் என்று ஊர் சிரித்தது. "எங்கடை கடையைத் திருப்பித் தரட்டும், அதையும் வைக்கிறன்," என்று இவள் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

நட்ட புதிதில் செடிகள் நன்றாகத்தான் நின்றன. பூக்கும் நேரத்தில் குருத்திலை வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது. நளீபா உரத்தைக் குறை சொன்னாள், வெயிலைக் குறை சொன்னாள், விதை விற்றவனை வாயில் வந்தபடி திட்டினாள். தண்ணீரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொன்னது பிரசாந்தி. உரும்பிராயில் விவசாய மருந்துக்கடை வைத்திருப்பவள், தானும் வலைக்கூடாரத்தில் பயிர் செய்பவள். ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, பேனை மாதிரி ஒரு கருவியைக் கிணற்று வாளிக்குள் விட்டாள். எட்டு தசம் இரண்டு என்று காட்டியது.

"அக்கா, ஏழு எண்டால் நடு. அதுக்குக் கீழை புளிப்பு, மேலை சுண்ணாம்பு. தும்புச்சோத்திலை நிக்கிற செடிக்கு ஆறுக்கும் கொஞ்சம் கீழை வேணும். உந்தத் தண்ணியிலை நீங்கள் எவ்வளவு இரும்புச்சத்துப் போட்டாலும் செடி எடுக்காது. சாப்பாட்டுக்கு முன்னாலை பட்டினி."

"உந்தப் பேனை பழுது," என்றாள் நளீபா.

"பேனை பழுதில்லை அக்கா."

"ஊரெல்லாம் இதே தண்ணியிலைதானே வெங்காயமும் புகையிலையும் விளையுது?"

"அது மண். மண் தண்ணியின்ரை குற்றத்தைக் கொஞ்சம் மறைக்கும். தும்புச்சோறு ஒண்டையும் மறைக்காது. ஊத்தினதை அப்படியே வேருக்குக் குடுக்கும்."

பிரசாந்தி போனபிறகு நளீபா தனியே நின்று ஒரு கோப்பை மொண்டு குடித்தாள். அவளுக்குத் தெரியாத ருசியா அது? மூன்று வருடமாகக் குடிக்கிறாள். நாக்கில் சுண்ணாம்பு ஒட்டியது, அடியில் லேசாக உப்பும் கரித்தது. ஒவ்வொரு முறையும் குழாயைக் குற்றம் சொன்னாள், வாளியைக் குற்றம் சொன்னாள், தன் நாக்கையே குற்றம் சொன்னாள். தண்ணீர் கூடாது, கெட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் நானாவுக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுத்த மாதிரி. அப்ப என்ன மயிருக்கு அங்கை இருக்கிறாய் என்று கேட்பான். சொல்லாவிட்டாலோ செடி சாகும். செடி செத்தாலும் அதே கேள்விதான் வரும்.

முதலில் திருட்டு வழி ஒன்று பார்த்தாள். தேசிக்காயைப் பிழிந்து தொட்டித் தண்ணீரில் விட்டாள். பிரசாந்தி விட்டுப்போன பேனையும் நல்ல பிள்ளையாக இறங்கிக் காட்டியது. மறுநாள் பார்த்தால் பழையபடி ஏறி நின்றது. தேசிக்காய் தீர்ந்தது, சுண்ணாம்பு தீரவில்லை. அன்றைக்குக் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அதுவும் அதே தண்ணீரில்தான், உரும்பிராய்க்கு பஸ் ஏறினாள்.

"தண்ணி கூடாதுதான்," என்றாள் பிரசாந்தியின் கடை வாசலில் நின்று, சண்டைக்கு வந்தவள் போல. "இப்ப என்ன செய்யோணும், அதைச் சொல்லு."

பொஸ்பொரிக் அசிட் கலனைப் பிரசாந்தி எடுத்து வைத்தாள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடக்கூடாது, தண்ணீருக்குள்தான் அசிட்டை விட வேண்டும், அசிட்டுக்குள் தண்ணீரை விடக்கூடாது. விட்டுக் கலக்கி, பொறுத்து, மறுபடி அளந்து, அதன்பிறகே ஊற்ற வேண்டும். பையின் அடியில் வடியும்வரை ஊற்றினால் தேங்கிய உப்பும் போய்விடும், அந்த வடிநீரையும் அளக்க வேண்டும். நளீபா எல்லாவற்றையும் செய்தாள். தொட்டியில் அசிட் விழுந்ததும் சோடாப் போத்தல் திறந்த மாதிரித் தண்ணீர் நுரைத்தது. சுண்ணாம்பு சாகிற சத்தம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நாளில் உச்சிக் குருத்து பச்சையாக வந்தது. பழைய இலைகள் மஞ்சளாகவே நின்றன. அவை கிடக்கட்டும்.

உம்மா வருவதற்கு முதல்நாள், வியாழக்கிழமை, பிரசாந்தி ஒரு யோசனை சொன்னாள். "கடையிலை ஒரு போத்தல் தண்ணி வாங்கி உம்மாவுக்குக் குடுங்கோ அக்கா. கிணத்துத் தண்ணி எண்டு சொல்லுங்கோ. வயசான மனுசி, சந்தோசமாப் போகட்டும். காணியும் தப்பும்."

நளீபா போத்தலை வாங்கிவிட்டாள். வாங்கி, குடத்தில் ஊற்றி, மூடியும் வைத்தாள். படுத்தால் நித்திரை வரவில்லை. கிணற்றையே பொய்யாக்கிக் காப்பாற்றினால் பிறகு எதைக் காப்பாற்றியதாகக் கணக்கு? விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் குடத்துத் தண்ணீரில் பாத்திரம் கழுவினாள். அசிட் கலனை ஒளிக்காமல் தொட்டியடியிலேயே விட்டாள்.

வான் வண்டி வாசலில் வந்து நின்றது. உம்மா இறங்கி, சுவரைப் பிடித்து, வீட்டை அண்ணாந்து பார்த்தார். கூரை இல்லாத ஹோல், வலைக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாகச் செடிகள். மக்பூல் தரகர் நிழல் தேடி நின்றுகொண்டு பத்திர உறையால் விசிறினார். நானாவுக்குப் பொறுமை இல்லை. நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினான்.

"குடிச்சுப் பாருங்க உம்மா. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

கோப்பை உம்மாவின் கைக்குப் போகுமுன் நளீபா குறுக்கே வந்து நின்றாள்.

"உம்மா, நான் பொய் சொன்னனான். தண்ணி இனிக்காது. சுண்ணாம்பும் உப்புச் சவரும். இதை அப்படியே ஊத்திச் செடி மஞ்சளாப் போச்சு. அந்தா கிடக்குது அசிட், அதை விட்டுத்தான் வளர்க்கிறன். கூடாத தண்ணிதான். ஆனால் இது எங்கடை தண்ணி. இனிக்குது எண்டதுக்காக இஞ்சை இருக்கேல்லை நான். நீங்கள் வித்தாலும் பொலிஸ் வந்து தூக்கினால்தான் போவன்!"

"கேட்டீங்களா உம்மா?" நானாவின் குரலில் வெற்றி துள்ளியது. "அவளே சொல்றா. அந்தத் தண்ணி போய்ட்டு. இனி என்னத்துக்கு இந்த இடிஞ்ச வீடு?"

உம்மா கோப்பையை வாங்கி, நின்றபடி குடிக்க மனமில்லாமல் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"எங்கை போனது? அதே தண்ணிதான்! ஒரு சொட்டும் மாறேல்லை!"

"உம்மா..." என்றான் நானா.

"இது எப்பவும் இப்படித்தான் மகன். இதிலை பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கிற தண்ணியை வாப்பா விடியப்புறத்திலை சைக்கிளிலை வேறை கிணத்திலை இருந்து கொண்டுவாறவர். நீங்கள் எழும்ப முன்னம் குடம் நிறைஞ்சிருக்கும்."

நானா வாயைத் திறந்தபடி நின்றான். "அப்ப முகாமில அவ்வளவு காலமும் பொய்யா சொன்னீங்க?"

"ஓம், பொய்தான்." உம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "துரத்திவிட்ட இடத்திலை, வரிசையிலை வாளியோடை நிண்டுகொண்டு, எங்கடை கிணறு சவர் எண்டு சொல்லச் சொல்லுறியோ? சொன்னால் என்ன சொல்லுவினம்? சவர்க் கிணறுதானே, போனால் போகட்டும் எண்டு சொல்லுவினம். நல்லதாயிருந்தால் மட்டுமோ எங்கடை? சவராயிருந்தால் பறிக்கலாமோ?"

மக்பூல் தரகர் விசிறுவதை நிறுத்தினார்.

"மக்பூல், நீங்கள் கோவிக்காதேங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார் உம்மா. "இந்தத் தண்ணியிலைதான் ஊத்துவம். சீனி கூடப் போடோணும்."

ஏதாவது பேசினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்து, நளீபா தொட்டியடிக்குப் போய்க் கையுறையை மாட்டினாள். வெயில் ஏறிவிட்டது, செடிக்குத் தண்ணீர் விட வேண்டும். நானா வானுக்குப் போவதா கிணற்றடியில் நிற்பதா என்று தெரியாமல் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். உம்மா அவனைப் பார்க்கவேயில்லை. செடி வரிசைகளுக்கு ஊடாக மெதுவாக நடந்து, உள்ளே ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நளீபா, கூரை எப்ப போடப்போறாய்?"

"கூரை போட்டால் செடிக்கு வெயில் இல்லை உம்மா."

"அப்ப ஹோலை விடு. பின்னறைக்குப் போடு," என்றார் உம்மா. "என்ரை கட்டில் அங்கைதான் கிடந்தது."