புட்டு ஆவியும் குறூகரின் மணிக்கூடும்

விமலாதேவிக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். ஒரு குளிர்காலம் முழுவதும் கோழித் தொழிற்சாலையில் விறைத்த கோழிகளோடு தானும் விறைத்து நின்றவள் அவள். திரும்பவும் அங்கே போவதை நினைத்தாலே விரல்கள் மரத்துப்போகும்.

எழுபத்தாறாம் ஆண்டு. மெல்பேர்னில் நோபல் பார்க்கில் வீடு, புது வேலை டண்டினோங்கில் குறூகரின் பட்டறையில். குறூகர் ஜெர்மன்காரர், விமானம் ஓட்டுகிறவர்கள் கட்டும், சாவி கொடுத்து ஓடும் கைமணிக்கூடு செய்கிறவர். மணிக்கூட்டை மேசையிலிருந்து விழுத்துவார், ஐஸ்பெட்டிக்குள் போடுவார், அடுப்புச் சூட்டில் வைப்பார், சுத்தியலால்கூடத் தட்டுவார். எல்லாம் முடிந்தபின் வேலையாள் ஒருவரின் கையில் கொடுத்து, வீட்டில் கட்டிக்கொண்டு திரியச் சொல்வார்.

அந்த முறை புதுமாதிரி மணிக்கூடு விமலாவின் கைக்கு வந்தது.

"நன்றாகப் பாவித்துக் கொண்டு வா. அதைப் பார்த்துத்தான் உன்னை வேலையில் வைத்திருப்பதா என்று சொல்வேன்."

விமலா என்ன செய்தாள்? நம்மில் யாரும் செய்வதைத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் பக்குவமாக வைத்தாள்.

திங்கட்கிழமை குறூகர் மணிக்கூட்டின் கண்ணாடியில் இருந்த மஞ்சள் பொட்டைப் பார்த்தார்.

"இதைக் கட்டினாயா?"

"புதுச் சாமான், சேர். அழுக்காகிவிடும் என்று..."

மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வரும் திங்கள்வரை இன்னொரு கிழமை தருகிறேன். கழற்றினால் வேலை இல்லை."

வீட்டில் கணவர் மகாதேவனுக்கு நல்ல வேடிக்கை. "குளிக்கேக்கையும் கழட்டக் கூடாதோ?"

"ஓம்."

"நித்திரைக்கும்?"

"ஓமப்பா!"

"என்னைக்கூட நீ இப்பிடிக் கவனிக்கேல்லை."

உடுப்புத் தோய்த்தாள், மீன் வெட்டினாள், தேங்காய் துருவினாள். மணிக்கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி சந்திரவதனா வந்திருந்தாள். குசினியில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று கையில் அடித்தது. "ஐயோ!" என்று ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரில் கையை நீட்டினாள். ஆடி மாதம் மெல்பேர்னில் குளிர்காலம், தண்ணீர் ஐஸ்தான்.

கையை எடுத்துப் பார்த்தால், கண்ணாடிக்கு உள்ளே பனிமூட்டம்போலப் புகார். முள்ளே தெரியவில்லை.

"போச்சு, வதனா! என்ரை வேலை போச்சு!"

"கழட்டி அரிசிக்குள்ளை வை. ஈரத்தை இழுத்துப்போடும்."

"கழட்டினா வேலை இல்லையெண்டவர்!"

"அப்ப கையோடை வை."

இடக்கை அரிசிச் சாக்குக்குள், வலக்கையில் புட்டு. மகாதேவன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, இரண்டு பெண்களிடமும் பேச்சு வாங்கினார். புகார் கொஞ்சம் விலகியது. ஆனாலும் ஒரு துளி உள்ளே கிடந்து மினுங்கியது.

மறைக்க வழியில்லை. மறுநாள் குறூகரின் முன் கையை நீட்டி, புட்டு, ஆவி, குழாய் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். அவர் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். விமலா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பயந்துவிடாதீர்கள். மனிதர் தண்ணீர் கொதிக்கும் கேத்திலோடு திரும்பி வந்தார். தட்டிலிருந்து இன்னொரு மணிக்கூட்டை எடுத்து ஆவியில் பிடித்தார். உடனே குழாயின் கீழ் நீட்டினார். புகார்! மூன்றாவதிலும் புகார்.

"எல்லாரும் வாருங்கள்!" என்று பட்டறை அதிரக் கத்தினார். "வெயிலில் கொதித்த விமானம் குளிர்ந்த வானத்துக்கு ஏறினால் இதேதான் நடக்கும். நேரம் தெரியாமல் விமானி முழிப்பான். நான் சூட்டைத் தனியாகப் பார்த்தேன், குளிரைத் தனியாகப் பார்த்தேன். ஈரம் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும்!"

பிறகுதான் விமலாவின் கோட்டைக் கண்டார்.

"எங்கே போகிறாய்? இனி இந்தச் சோதனை உன் வேலை. நாளைக்கு அந்தப் புட்டுப் பானையைக் கொண்டு வா."

விமலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"பானை கொண்டுவரலாம், சேர். ஆனால் வெறும் தண்ணீரை அவிக்க எனக்குத் தெரியாது. மா குழைத்துத்தான் அடுப்பில் வைப்பேன். சோதனை முடிந்ததும் எல்லாரும் சாப்பிடவேண்டும்."

"சரி," என்றார் குறூகர். "எத்தனை மணிக்கு?"